ஏப்ரலுக்குள் ஓர் அணி

தொடக்கக் கல்லூரிக் காற்பந்து அணி ஒன்றிடம் ஒரு பருவத்தில் என்ன எதிர்பார்க்கலாம்? கிளமெண்டித் திடலிலிருந்து ஒரு பார்வை.

மாலை நாலரை மணி. கிளமெண்டி விளையாட்டரங்குக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. காலையெல்லாம் சுட்டெரித்துவிட்டுப் பள்ளி விடும் நேரத்துக்குச் சரியாக இடியை அழைத்துவரும் ஏப்ரல் வானம். எச்சரிக்கை ஒலிக்கிறது. பந்தைத் துரத்திக்கொண்டிருந்த பையன்கள் ஆரஞ்சு நிறக் கூம்புகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே ஓடுகிறார்கள். இன்னும் ஒரு சொட்டு மழை விழவில்லை. ஆனாலும் மின்னல் அபாயம் நீங்கியதென்று தெரியும்வரை யாரும் திடலில் கால் வைக்கக் கூடாது. சிங்கப்பூரின் பள்ளிப் பயிற்றுநர் எவரும் இந்த விதியைத் தளர்த்துவதில்லை. தளர்த்தவும் கூடாது.

மாடத்துக்கடியில் ஒருவன் தண்ணீர்ப் புட்டியைத் திறக்கிறான். இன்னொருவன் பைக்குள்ளிருந்து வேதியியல் குறிப்புகளை எடுத்து மடியில் விரிக்கிறான். பயிற்றுநர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், வானத்தைப் பார்க்கிறார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்க்கிறார். இருட்டுவதற்குள் இன்றைய பயிற்சி முடிந்தாக வேண்டும். முதல் ஆட்டத்துக்கு இருக்கும் நாள்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

இந்தச் சில வாரங்களில் தீவின் எந்தக் கல்லூரித் திடலுக்குப் போனாலும் இதே காட்சிதான். மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரை இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். பிற்பகல் இடிமழை மிகுந்த மாதங்கள் இவைதாம். தொடக்கக் கல்லூரிகளுக்கான 'ஏ' பிரிவுக் காற்பந்துப் போட்டிகள் நடப்பதும் இதே மாதங்களில்தான்.

இந்த நேரத்தில் கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையிலும், புளோக் கீழ்த்தளத்திலும், கிளமெண்டி 448 உணவங்காடியில் தே குடிக்கும் பழைய மாணவர்களிடமும் ஒரே கேள்விதான் புழங்குகிறது: "இந்த வருஷம் டீம் எப்படி?"

போன ஆண்டு எத்தனையாவது இடம் என்பதை வைத்து இதற்குப் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். தொடக்கக் கல்லூரி அணிக்குப் 'போன ஆண்டு' என்ற ஒன்று அநேகமாகக் கிடையாது. அந்த அணியில் பாதிப் பேர் இப்போது தேசிய சேவையின் பச்சைச் சீருடையில் இருப்பார்கள்.

பத்து வாரக் கணக்கு

தொடக்கக் கல்லூரிப் படிப்பு இரண்டே ஆண்டு. சாதாரண நிலைத் தேர்வு முடிவு ஜனவரியில் வெளியாகிறது. எந்தக் கல்லூரியில் இடம் என்பது அதன் பிறகுதான் தெரியும். பிப்ரவரியில் முதலாம் ஆண்டு மாணவர்கள் வருகிறார்கள். அறிமுக நிகழ்ச்சிகள், இணைப்பாட நடவடிக்கைத் தேர்வு எல்லாம் முடிந்து ஒரு பையன் அணிச் சட்டையைத் தொடும்போது பிப்ரவரியில் பெரும்பகுதி போயிருக்கும். ஏப்ரலில் போட்டி. எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் நடுவில் பத்து வாரம் தேறுவது கடினம்.

அந்தப் பத்து வாரமும் முழுசாகக் கைக்கு வருவதில்லை. மார்ச்சில் ஒரு வாரப் பள்ளி விடுமுறை. அண்மை ஆண்டுகளில் நோன்பு மாதமும் பிப்ரவரி, மார்ச்சையொட்டியே வந்துகொண்டிருக்கிறது. சிங்கப்பூர்க் காற்பந்தின் முதுகெலும்பு மலாய் முஸ்லிம் பிள்ளைகள். விடியலிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத பையனைப் பிற்பகல் வெயிலில் விரட்டி ஓட வைக்க மனசாட்சியுள்ள எந்தப் பயிற்றுநருக்கும் வராது. பயிற்சியின் வேகம் குறைகிறது, நேரம் மாறுகிறது. நோன்புப் பெருநாள் முடிந்து உடல் பழைய நிலைக்குத் திரும்பும்போது மின்னல் காலம் தொடங்கிவிடுகிறது.

எல்லாக் கல்லூரிகளும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுவதுமில்லை. பருவத்துக்கு முந்தைய கணிப்புகளில் பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான்.

2004இல் ஒருங்கிணைந்த திட்டம் வந்தது. அதில் சேர்ந்த மாணவர்கள் சாதாரண நிலைத் தேர்வு எழுதாமல் ஆறாண்டும் ஒரே பாதையில் படிக்கலாம். அத்தகைய கல்லூரியில் தடுப்பாட்டக்காரனும் கோல்காப்பாளரும் பதின்மூன்று வயதிலிருந்தே ஒன்றாக ஆடியவர்களாக இருக்கக்கூடும். ஒருவன் குரல் கொடுக்கும் முன்பே மற்றவன் நகர்ந்திருப்பான். சாதாரண நிலைத் தேர்வு வழியாக மாணவர் சேரும் கல்லூரியிலோ பத்துப் பள்ளிகளிலிருந்து பத்து விதமான ஆட்டம் வந்து சேர்கிறது. ஒருவன் பந்தைத் தரையோடு தள்ளிப் பழகியவன். இன்னொருவன் பந்து கிடைத்தால் உயரத் தூக்கி அடிக்கப் பழகியவன். இவர்களை இரண்டு மாதத்தில் ஓர் அணியாக்கும் வேலைக்குக் கோப்பை தராத மதிப்பை யாராவது தந்தாக வேண்டும்.

நேரடிப் பள்ளிச் சேர்க்கை இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கிறது. திறமையுள்ள ஆட்டக்காரர் தேர்வு எழுதும் முன்பே தம் கல்லூரியைத் தெரிந்துகொள்கிறார், பயிற்றுநரும் அவரை மனத்தில் வைத்து அணியைத் திட்டமிட முடிகிறது. ஆனாலும் இரண்டு மூன்று பேரை வைத்து ஓர் அணி எழுந்துவிடாது.

■ பெட்டி: யாருக்கு எத்தனை பருவம்?

தொடக்கக் கல்லூரி: படிப்பு 2 ஆண்டு. முதலாம் ஆண்டில் அணிக்குள் நுழைந்தால் 2 பருவம், இல்லாவிட்டால் ஒன்றே ஒன்று. இரண்டாம் ஆண்டின் இறுதியில் மேல்நிலைத் தேர்வு.

பலதுறைத் தொழிற்கல்லூரி: படிப்பு 3 ஆண்டு. சிங்கப்பூரில் மொத்தம் 5. அவற்றுள் இரண்டு இந்த வட்டாரத்தை ஒட்டியவை: 1954இல் தோன்றிய சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரி டோவரில், 1963இல் தோன்றிய நீ ஆன் கிளமெண்டி ரோட்டில்.

பல்கலைக்கழகம்: கிளமெண்டி ரோட்டில் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம், பக்கத்துக் கென்ட் ரிட்ஜில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம். ஆண்கள் பெரும்பாலும் தேசிய சேவை முடித்து 20, 21 வயதில்தான் இங்கே நுழைகிறார்கள்.

பன்னிரண்டாவது நிலையம்

கிளமெண்டியில் கிழக்கு–மேற்கு ரயிலேறினால் பன்னிரண்டாவது நிலையம் லவண்டர். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் ஜாலான் புசார் விளையாட்டரங்கம். 1929 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்த அரங்கைச் சிங்கப்பூர்க் காற்பந்தின் பிறப்பிடம் என்பார்கள். 'ஏ' பிரிவு இறுதியாட்டங்கள் நடந்த இடமும் அதுவே. இரு கல்லூரிகளின் மாணவர்களும் சீருடையோடு திரண்டு மாடத்தை நிறைக்க, தொண்டை கட்டும்வரை கத்தும் அந்த ஒரு மாலைக்காகத்தான் இத்தனை ஓட்டமும்.

அங்கிருந்து சற்றுத் தள்ளி, லிட்டில் இந்தியாவின் ஓரத்தில், ஃபேரர் பார்க் திடல். ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த மண். 1933இல் பந்தயம் இடம் மாறிய பிறகு தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பந்து உதைத்துப் பழகிய இடமாயிற்று. தேக்காவுக்குக் காய்கறி வாங்க வந்த தகப்பன்மார் பலர் பையைக் கையில் பிடித்தபடி அந்தத் திடலோரம் நின்று ஆட்டம் பார்த்திருக்கிறார்கள். சிங்கப்பூர்த் தமிழரின் காற்பந்து நினைவில் பெரும்பகுதி இந்த இரண்டு திடல்களையும் சுற்றியே இருக்கிறது. மேற்கே கிளமெண்டிப் பையனுக்கு அந்த நினைவு பன்னிரண்டு நிலையம் தள்ளி இருக்கிறது.

ஆனால் கிளமெண்டிக்கும் எதிர்பார்ப்பின் வரலாறு ஒன்று உண்டு. இன்றைய பையன்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

1996இல் தொடங்கிய, சிங்கப்பூரின் நிபுணத்துவக் காற்பந்து லீக்கான எஸ்.லீக்கில் 1999இல் ஒரு புதிய அணி சேர்ந்தது. பெயர் கிளமெண்டி கால்சா. சீக்கியச் சமூகத்தின் ஆதரவில் உருவான அணி அது. வட்டாரத்தின் பெயர் பாதி, சமூகத்தின் பெயர் பாதி. வீடமைப்புப் பேட்டை ஒன்றின் அரங்கில் நிபுணத்துவக் காற்பந்து வேரூன்றும், வார இறுதியில் குடும்பம் குடும்பமாக ஆட்டம் பார்க்க வருவார்கள் என்ற நம்பிக்கை அந்தப் பெயரில் இருந்தது. நான்கு பருவம்தான் நீடித்தது. 2002 அக்டோபரில் அது பாலஸ்டியர் சென்ட்ரலுடன் இணைந்து பாலஸ்டியர் கால்சா ஆனது. கிளமெண்டி என்ற பெயர் லீக்கிலிருந்து மறைந்தது. இணைந்த அணி 2013இல் லீக் கோப்பையையும் 2014இல் சிங்கப்பூர்க் கோப்பையையும் வென்றது. இங்கே விதைத்தது பதினைந்து ஆண்டு கழித்து வேறொரு பேட்டையின் பெயரில் காய்த்தது.

எதிர்பார்ப்பு ஏறியபோதும் இறங்கியபோதும்

அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் பெரிய வணிகம். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1936 முதல் வாராவாரம் தரவரிசை வெளியிடுகிறது. 1950 முதல் ஒரு பந்துகூட உதைபடும் முன்பே, பருவத்துக்கு முந்தைய தரவரிசையும் வந்துகொண்டிருக்கிறது. முதலிடம் பெற்ற அணி கடைசியில் சறுக்குவது அங்கே வழக்கமான கதை. சிங்கப்பூரில் அப்படியொரு பட்டியல் இல்லை. இங்கே எதிர்பார்ப்பைப் பழைய மாணவர்கள் வாய்வழியாகவும் பிள்ளைகள் கைப்பேசி வழியாகவும் பரப்புகிறார்கள். பட்டியல் இல்லாததால் பாரம் குறைந்துவிடவில்லை.

இளைஞர் அணியின் மேல் எதிர்பார்ப்பை ஏற்றினால் என்ன ஆகும், இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே இரண்டு சோதனைகள் நடந்து முடிந்திருக்கின்றன.

முதலாவது, லயன்ஸ் 12. மலேசிய சூப்பர் லீக்கில் விளையாட 2012இல் அனுப்பப்பட்ட அணி. இளம் வீரர்கள் நிறைந்தது. பயிற்றுநர் வி. சுந்தரமூர்த்தி, எண்பதுகளில் கல்லாங் அரங்கை எழுந்து நிற்க வைத்த நம்மவர். மலேசிய மாநில அணிகளின் திடல்களில் இந்தப் பிள்ளைகள் தாக்குப்பிடித்தாலே போதும் என்று நினைத்தவர்கள் பலர். முதல் பருவத்தில் இரண்டாம் இடம். 2013இல் வெற்றியாளர் பட்டம்.

இரண்டாவது, 2015 தென்கிழக்காசிய விளையாட்டுகள். போட்டி சொந்த மண்ணில், புதிய தேசிய விளையாட்டரங்கத்தைச் சுமந்த சிங்கப்பூரில். 23 வயதுக்குட்பட்ட அணி பதக்கம் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்ற பேச்சு. கடைசிப் பிரிவு ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 0–1 தோல்வி, அரையிறுதிக்குக்கூடப் போகவில்லை. பயிற்றுநர் அய்டி இஸ்கந்தர் பதவி விலகினார். திடலில் அழுதுகொண்டு நின்றவர்கள் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள்.

இரண்டு அணிக்கும் திறமையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு எதுவும் இல்லை. லயன்ஸ் 12க்கு ஒரு முழு லீக் பருவம் கிடைத்தது. ஓர் ஆட்டம் தோற்றால் அடுத்த ஆட்டத்தில் சரிசெய்துகொள்ள வழி இருந்தது. 2015 அணிக்கு நான்கே ஆட்டம். கல்லூரி அணியின் நிலை இந்த இரண்டாவதைப் போன்றது. முதல் சுற்றில் இரண்டு ஆட்டம் கைவிட்டுப் போனால் கதை ஏறத்தாழ முடிந்தது.

நாட்டின் பெரிய காற்பந்துக் கனவுகளும் தேதி குறித்தே பேசப்பட்டவை. 1998இல் அன்றைய பிரதமர் கோ சோக் டோங் காலத்தில் 'இலக்கு 2010' பிறந்தது. 2010 உலகக் கிண்ணத்தில் சிங்கப்பூர் ஆட வேண்டும் என்பது இலக்கு. அது நிறைவேறவில்லை. 2021இல் தொடங்கிய 'அன்லீஷ் தி ரோர்' திட்டம் 2034ஐக் குறிவைக்கிறது. பள்ளிகளில் காற்பந்துப் பயிற்சிக்கூடங்களை அமைப்பது அதன் முக்கியப் பகுதி. அதாவது 2034இல் களமிறங்க வேண்டியவர்களை இன்றைய பள்ளித் திடல்களிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

■ பெட்டி: யாரும் எதிர்பாராத கோல்

1998 செப்டம்பர் 5, ஹனோய். டைகர் கோப்பை இறுதியாட்டம். சொந்த மண்ணில் ஆடிய வியட்நாமே வெல்லும் என்று ஊர் முழுக்கக் கொண்டாட்டத்துக்குத் தயாராக இருந்தது. தற்காப்பு ஆட்டக்காரர் ஆர். சசிகுமாரின் மேல் பட்டுத் திரும்பிய பந்து வலைக்குள் போனது. சிங்கப்பூர் 1–0. வட்டார அளவில் சிங்கப்பூர் வென்ற முதல் பெரிய பட்டம் அது. 2004, 2007, 2012 என அதே கோப்பை மேலும் மூன்று முறை வந்தது.

சட்டையைக் கழற்றிய பிறகு

பருவம் முடிந்ததும் என்ன நடக்கிறது? எந்த அணி வெல்லும் என்ற பேச்சில் இந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது. பெற்றோருக்கோ இதுதான் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி.

மே மாதத்தோடு இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அணியிலிருந்து விலகுகிறார்கள். ஜூனில் புத்தகம், நவம்பரில் மேல்நிலைத் தேர்வு. அடுத்த ஆண்டின் முதல் மாதங்களில் தேசிய சேவை, முழுநேரமாக இரண்டு ஆண்டு. காற்பந்து வீரரின் கால் முதிர்வதும் ஆட்டம் பற்றிய அறிவு தெளிவதும் இந்தப் பதினெட்டிலிருந்து இருபத்தொரு வயதுக்குள்தான். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அதே வயதுப் பிள்ளை வாரம் ஐந்து நாள் பயிற்சியும் ஓர் ஆட்டமும் என்று வளர்கிறான்.

முன்பு ராணுவத்துக்கென்றே ஒரு லீக் அணி இருந்தது. சிங்கப்பூர் ஆயுதப் படை அணி, பின்னாளில் வாரியர்ஸ். ஒன்பது முறை லீக் பட்டம் வென்றது. சேவைக்கு வந்த நல்ல ஆட்டக்காரர்களுக்கு அது ஒரு வீடாக இருந்தது. 2019 பருவத்தோடு அது லீக்கிலிருந்து விலகிவிட்டது. 2003 முதல் இருக்கும் யங் லயன்ஸ் அணியில் தேசிய சேவையாற்றும் வீரர்கள் பலர் ஆடுகிறார்கள். ஆனால் அங்கே இடம் சிலருக்குத்தான், அதுவும் ஏற்கெனவே தேசிய இளையர் அணிகளில் பெயர் பதித்தவர்களுக்கு. கல்லூரிக்காக மட்டும் ஆடிய பையனுக்கு அந்தக் கதவு திறப்பது அரிது.

சேவையை ஒத்திவைக்க முடியாதா என்ற விவாதம் 2018இல் நாட்டையே இரண்டாகப் பிரித்தது. இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் அணியில் ஒப்பந்தமான பென் டேவிஸின் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங்குக்கு 2013இல் ஒத்திவைப்பு கிடைத்து, 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வந்தது. சேவை எல்லார்க்கும் பொதுவானது என்ற கொள்கையில் நியாயம் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையனின் இரண்டு ஆண்டு திரும்பி வராது என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தடை இல்லை. அவர்கள் தொலைவு போகும் வழியைச் சிலர் காட்டியிருக்கிறார்கள். காற்பந்து வீராங்கனை டேனல் டான் அமெரிக்காவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி அணியில் ஆடினார், 2023இல் ஜெர்மனியின் பொருசியா டார்ட்மண்ட் பெண்கள் அணியில் சேர்ந்தார். கல்லூரியும் காற்பந்தும் ஒன்றையொன்று தின்னாமல் வளர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கல்லூரி பசிபிக் கடலுக்கு அப்பால் இருந்தது.

குறைந்துவரும் இடங்கள்

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைவதால் எட்டுத் தொடக்கக் கல்லூரிகளை நான்காக இணைப்பதாகக் கல்வி அமைச்சு 2017இல் அறிவித்தது. 2019இல் இணைப்பு நடந்தது. மேற்கே ஜூரோங்கும் பயனியரும் ஒன்றாயின. கிழக்கே தெம்பனிசும் மெரிடியனும். ஆண்டர்சன்–சிராங்கூன், ஈசூன்–இன்னோவா மற்ற இரண்டு இணைகள். கல்லூரிக்கு ஓர் ஆண்கள் அணி என்று வைத்துக்கொண்டால், தொடக்க வரிசையில் மட்டும் 44 இடங்கள் ஒரே ஆண்டில் இல்லாமல் போயின. அணிகள் வலுவாயிருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன்களின் வரிசையும் நீண்டிருக்கும்.

2023இல் நாட்டின் கருவள விகிதம் 0.97. முதல் முறையாக ஒன்றுக்குக் கீழ். அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் தொடக்கக் கல்லூரிக்கு வரும்போது எத்தனை அணிகள் மிஞ்சும் என்று இப்போதே யோசிக்க வேண்டும்.

2020இல் கோவிட் பரவலால் தேசியப் பள்ளி விளையாட்டுகள் ரத்தாயின. 2021லும் வழக்கமான பருவம் இல்லை. இரண்டே ஆண்டுப் படிப்பில் இரண்டு ஆண்டும் போனால் கணக்கு என்ன? 2020இல் சேர்ந்த மாணவர்களுக்குக் கல்லூரிச் சட்டையில் வழக்கமான ஒரு பருவம்கூட வாய்க்கவில்லை. இன்று இருபதுகளில் இருக்கும் அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை, தோற்ற அணியாகக்கூட.

இதையெல்லாம் பார்க்கும்போது, இந்தப் பருவத்தில் கல்லூரி அணிகளிடம் கோப்பையைக் கேட்பதைவிட, அவற்றை நடத்துவோரிடம் ஆட்டங்களைக் கேட்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. முதல் சுற்றில் வெளியேறும் அணிக்கும் இன்னும் நாலைந்து ஆட்டம் உறுதியாகக் கிடைக்கும்படி ஒரு கீழ்நிலை லீக் வைக்கலாம். கிளமெண்டி ரோட்டிலும் டோவரிலும் கூப்பிடு தூரத்தில் தொழிற்கல்லூரிகளும் தொடக்கக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஜூலைக்குப் பிறகு முதலாம் ஆண்டு மாணவர்களை மட்டும் வைத்து இவர்களுக்குள் வட்டாரப் போட்டி நடத்தினால், அடுத்த பிப்ரவரியில் பயிற்றுநர் வெறுங்கையோடு தொடங்க வேண்டியிராது. திடல் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நல்ல காலத்தின் அறிகுறியும் இல்லாமல் இல்லை. 2025 அக்டோபரில் மார்காவில் இந்தியாவை 2–1 என வென்ற சிங்கப்பூர், நவம்பர் 18இல் ஹாங்காங்கின் காய் டாக் அரங்கில் முதலில் பின்தங்கி, பிறகு 2–1 என வென்று 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. 1984இல் போட்டியை ஏற்று நடத்தும் நாடாக ஆடியதைத் தவிர, தகுதிச் சுற்று வழியாகச் சிங்கப்பூர் அங்கே போவது இதுவே முதல் முறை. அந்த அணியை வழிநடத்திய கேவின் லீக்கு அப்போது வயது 35. அந்த இரவுக்குப் பிறகு திடலுக்கு வரும் பிள்ளைகளின் கண்ணில் ஒரு வெளிச்சம் இருக்கத்தான் செய்கிறது.

கிளமெண்டியில் இடி கிழக்கே நகர்ந்துவிட்டது. ஐந்தரைக்கு அபாயம் நீங்கியதாக அறிவிப்பு. வேதியியல் குறிப்புகள் பைக்குள் போகின்றன. நனையாத புல்லில் கூம்புகள் வைத்த இடத்திலேயே நிற்கின்றன. போன வாரம்தான் அணிக்குள் வந்த முதலாம் ஆண்டுப் பையன், கார்னர் உதையின்போது தான் எங்கே நிற்க வேண்டுமென்று கேட்கிறான். இரண்டாம் ஆண்டு மாணவனான அணித்தலைவன் அவன் தோளைப் பிடித்து, அருகில் உள்ள கோல்கம்பத்துக்கு இரண்டடி முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறான். போன ஆண்டு அங்கே நின்றவன் அவன்தான். பயிற்றுநர் கையை உயர்த்துகிறார். பந்து வருகிறது.